தொடக்கத்திலேயே சறுக்கிய அணி, விட்டு விலகாத ரசிகர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கால்பந்து லீக் சீசன் தொடங்கி ஓரிரு வாரங்களே ஆகியிருக்கும். எளிதாக வெல்ல வேண்டிய ஆட்டத்தில் நம் அணி தோற்றிருக்கும், அல்லது கடைசி நிமிடத்தில் கோல் வாங்கி வெற்றியைக் கைநழுவ விட்டிருக்கும். அந்த முடிவுக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடைப்பட்ட நாட்களில் ரசிகர்கள் தங்களுக்குள்ளும் நண்பர்களிடமும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. பதில்கள் ஆறுதல் சொல்வதற்காக மட்டும் எழுதப்பட்டவை அல்ல என்பதால், சில இடங்களில் ரசிகருக்குப் பிடிக்காத பதிலும் வரும்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றுவிட்டோம். இந்த சீசன் இனி அவ்வளவுதானா?

இல்லை. இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஒவ்வோர் அணியும் 38 ஆட்டங்கள் ஆடுகிறது. ஜெர்மனியின் புண்டஸ்லிகாவில் 34. ஒரு வெற்றிக்கு 3 புள்ளிகள் என்ற கணக்கில், 38 ஆட்டங்களில் கிடைக்கக்கூடிய 114 புள்ளிகளில் முதல் தோல்வியால் போவது 3 மட்டுமே. சீசன் தொடங்கும் ஆகஸ்டில் இழக்கும் 3 புள்ளிகளும் முடியப்போகும் ஏப்ரலில் இழக்கும் 3 புள்ளிகளும் பட்டியலில் ஒன்றுதான். ஏப்ரலில் இழந்ததை மீட்க ஆட்டங்கள் மிச்சம் இருக்காது, ஆகஸ்டில் இழந்ததை மீட்க ஏராளமாக இருக்கின்றன.

பிரீமியர் லீக் பிறந்த சீசனே இதற்கு முதல் சாட்சி. 1992 ஆகஸ்ட் 15 அன்று மான்செஸ்டர் யுனைடெட், ஷெஃபீல்டு யுனைடெட்டிடம் 2-1 என்று தோற்றது. ஆட்டம் தொடங்கி ஐந்தாவது நிமிடத்தில் பிரையன் டீன் அடித்ததுதான் பிரீமியர் லீக் வரலாற்றின் முதல் கோல். நான்கு நாள் கழித்துச் சொந்த மைதானத்தில் எவர்டனிடம் 3-0 தோல்வி. அதற்கடுத்து இப்ஸ்விச்சுடன் 1-1 சமன். மூன்று ஆட்டங்களில் ஒரே புள்ளி எடுத்திருந்த அந்த அணிதான் 26 ஆண்டுகளாகக் கைக்கு எட்டாதிருந்த லீக் பட்டத்தை அந்த சீசன் முடிவில் வென்றது.

2008-09இல் பெப் கார்டியோலா பார்சிலோனாவின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற பின் ஆடிய முதல் லீக் ஆட்டத்தில், நுமான்சியா என்ற சிறிய அணியிடம் 1-0 என்று தோற்றார். அடுத்த ஆட்டத்திலும் ராசிங் சாந்தாந்தேருடன் 1-1 என்ற சமன்தான் கிடைத்தது. புதியவரை நம்பி இவ்வளவு பெரிய பொறுப்பைக் கொடுத்தது சரிதானா என்ற கேள்வி அந்த வாரங்களில் எழாமல் இருக்குமா? அந்த சீசனில் பார்சிலோனா ஸ்பெயின் லீக், ஸ்பெயினின் கோப்பைப் போட்டியான கோபா டெல் ரே, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றது. அவர்களைத் தோற்கடித்த நுமான்சியா அதே சீசனில் கீழ்ப்பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஜெர்மனியில் பயிற்சியாளர் யுர்கன் கிளாப்பின் டோர்ட்முண்டும் 2010-11 சீசனின் முதல் ஆட்டத்தில் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் லெவர்குசனிடம் 2-0 என்று தோற்றுவிட்டு, பிறகு சாம்பியன் ஆனது.

வென்றவர்களின் கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொன்னால் எப்படி? தோற்று, தோற்றபடியே போன அணிகளும் உண்டே?

நியாயமான கேள்வி. மேலே சொன்ன மூன்றும் திறமையும் பணபலமும் உள்ள அணிகள், அல்லது மேலெழும் தறுவாயில் இருந்த அணிகள். தொடக்கத்தில் சறுக்கிக் கடைசிவரை எழாத அணிகளின் கதையை யாரும் திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. ஆறுதலுக்காகச் சொல்லப்படும் பட்டியல்களில் அவை காணாமல் போய்விடுகின்றன.

2020-21இல் ஷெஃபீல்டு யுனைடெட் முதல் 17 ஆட்டங்களில் வெறும் 2 புள்ளிகள் எடுத்தது. அந்த அணி மீளவில்லை. 23 புள்ளிகளுடன் கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கியது. 2007-08இல் டெர்பி கவுன்டி சீசன் முழுவதிலும் ஒரே ஓர் ஆட்டத்தில் வென்று 11 புள்ளிகளோடு விடைபெற்றது. வேடிக்கை என்னவென்றால், டெர்பியின் முதல் ஆட்டம் தோல்வி அல்ல, போர்ட்ஸ்மத்துடன் 2-2 என்ற கௌரவமான சமன்.

நல்ல தொடக்கமும் இதே போல ஏமாற்றக்கூடியது. 2008-09இல் முதல் முறையாக உயர்பிரிவுக்கு வந்த ஹல் சிட்டி, ஆர்சனல், டாட்டன்ஹாம் ஆகியவற்றின் மைதானங்களிலேயே அவற்றை வீழ்த்தி, முதல் 9 ஆட்டங்களில் 20 புள்ளிகள் குவித்தது. எஞ்சிய 29 ஆட்டங்களில் அதற்குக் கிடைத்தவை 15 புள்ளிகள். 17ஆம் இடத்தில் முடித்து மயிரிழையில் தப்பியது. ஆகவே தொடக்க முடிவுகளிலிருந்து சீசன் முடிவைக் கணிப்பது இரு திசையிலும் பிழைபடும். ‘கடைசியில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்று சொல்லவும் அதே அளவுக்கு ஆதாரம் இல்லை.

ஆட்டம் மோசமா, முடிவு மட்டும் மோசமா? அதை எப்படிப் பிரித்தறிவது?

ஒரு தோல்விக்குப் பின் ரசிகர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுவே. கால்பந்தில் கோல்கள் அரிது. பெரிய லீக்குகளில் ஓர் ஆட்டத்துக்கு இரு அணிகளும் சேர்ந்து சராசரியாக அடிப்பது மூன்று கோல்களை ஒட்டித்தான். கோல் இவ்வளவு அரிதான விளையாட்டில், யார் நன்றாக ஆடினார்கள் என்பதை ஒரே ஓர் ஆட்டத்தின் ஸ்கோர் சரியாகச் சொல்லிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பிய ஒரு பந்து, தொடையில் பட்டுத் திசைமாறிய ஒரு ஷாட், ஒரு தவறான பெனால்டி முடிவு, இவற்றில் ஏதேனும் ஒன்று போதும்.

இதற்காகவே ‘எதிர்பார்க்கப்படும் கோல்கள்’ என்ற அளவீடு புழக்கத்துக்கு வந்தது. கோல் கம்பத்திலிருந்து எவ்வளவு தொலைவு, எந்தக் கோணம், காலாலா தலையாலா என்பன போன்ற விவரங்களைக் கொண்டு, அதுபோன்ற ஷாட்கள் முன்பு எத்தனை முறை கோலாகியுள்ளன என்று பார்த்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு மதிப்பு தரப்படுகிறது. பெனால்டிக்கு அந்த மதிப்பு முக்காலுக்குச் சற்று மேல். கோலுக்கு முன்னுள்ள பெனால்டி பகுதிக்கு வெளியிலிருந்து அடிக்கும் ஷாட்டுக்கு மிகக் குறைவு. நம் அணி 20 ஷாட் அடித்தும் தோற்றுவிட்டது என்று புலம்பும் முன், அந்த இருபதில் எத்தனை 25 மீட்டர் தொலைவிலிருந்து பொறுமையிழந்து அடிக்கப்பட்டவை என்று பார்ப்பது நல்லது.

இந்த எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடக் கூடாது. முன்னிலை பெற்ற அணி பின்வாங்கித் தற்காத்துக்கொள்ளும்; பின்தங்கிய அணி பந்தையும் ஷாட்களையும் தானாகவே குவிக்கும். முதல் பத்து நிமிடங்களிலேயே கோல் வாங்கிய அணியின் புள்ளிவிவரங்கள் அதனால்தான் எப்போதும் ஓரளவு அழகாகத் தெரிகின்றன.

எண்கள் இல்லாமலே கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு. நம் அணி எதிரணிப் பகுதியில் பந்தை இழந்த அடுத்த நான்கைந்து நொடிகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பந்துக்கு அருகில் இருக்கும் இருவர் உடனே நெருக்குகிறார்களா, அவர்களுக்குப் பின்னால் நடுக்களமும் முன்னேறி வருகிறதா, அல்லது முன்னால் இருப்பவர்கள் மட்டும் ஓட, பின்கள வரிசை அச்சத்தில் பின்வாங்க, நடுவில் பெரிய வெற்றிடம் விழுகிறதா? அந்த வெற்றிடம் ஓர் ஆட்டத்தில் பத்து முறை தெரிந்தால், ஸ்கோர் எதுவாக இருந்தாலும் கவலைப்படலாம். அது தெரியாத ஆட்டத்தில் வந்த தோல்வியை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உலகக் கோப்பையில் ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. 2022 நவம்பர் 22 அன்று, 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத அர்ஜென்டினா தன் முதல் ஆட்டத்தில் சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. முதல் பாதியில் மெஸ்ஸி பெனால்டியில் கோல் அடித்த பின் அர்ஜென்டினா மேலும் மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பியது; மூன்றும் ஆஃப்சைடு (பந்து அனுப்பப்படும்போது எதிரணியின் பின்கள வரிசையைத் தாண்டி நிற்பது) என்று நிராகரிக்கப்பட்டன. துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அது பாதிதான் உண்மை: சவுதியின் பின்கள வரிசை துணிச்சலாக மேலேறி நின்றது, அர்ஜென்டினா முன்கள வீரர்கள் அந்தப் பொறியில் திரும்பத் திரும்பச் சிக்கினார்கள், இடைவேளைக்குப் பின் ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு கோல்கள் விழுந்தன. பயிற்சியாளர் ஸ்கலோனி அதைத் துரதிர்ஷ்டம் என்று விட்டுவிடவில்லை. மெக்சிகோவுக்கு எதிரான அடுத்த ஆட்டத்துக்குத் தொடக்க அணியில் ஐந்து பேரை மாற்றினார். அதற்கடுத்த ஆட்டத்தில் என்ஸோ ஃபெர்னாண்டஸும் ஹூலியன் அல்வாரெஸும் தொடக்க அணிக்கு வந்தார்கள். அந்த மாற்றங்களோடுதான் கோப்பை வந்தது.

பெரிய அணிகளே தொடக்கத்தில் ஏன் இப்படித் தடுமாறுகின்றன?

காரணங்கள் பல. கோடையில் உலகக் கோப்பையோ கண்டப் போட்டிகளோ நடந்திருந்தால், அவற்றில் கடைசிவரை ஆடிய வீரர்கள் தாமதமாகவே கிளப்புக்குத் திரும்புவார்கள். நல்ல வீரர்கள் அதிகமுள்ள அணிக்குத்தான் இந்தப் பாதிப்பும் அதிகம். புதிதாக வாங்கப்பட்டவர்கள் சக வீரர்களின் ஓட்டத்தைப் பழகியிருக்க மாட்டார்கள். வீரர் பரிமாற்றக் காலம் பெரும்பாலான ஆண்டுகளில் சீசன் தொடங்கிய பிறகும் ஆகஸ்ட் இறுதிவரை திறந்தே இருப்பதால், முதல் மூன்று ஆட்டங்களில் களமிறங்கும் அணி முழுமையான அணியாகவே இருக்காது. போகும் மனநிலையில் உள்ளவர் ஒருவர், வரப்போகிறவர் ஒருவர் என்று இருக்கும்.

ஆட்ட அட்டவணையின் கடினத்தையும் பார்க்க வேண்டும். 2021-22இல் ஆர்சனல் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோற்று, ஒரு கோல்கூட அடிக்காமல் 9 கோல்கள் வாங்கிப் பட்டியலின் அடியில் கிடந்தது. புதிதாக மேலேறி வந்த பிரென்ட்ஃபோர்டிடம் 2-0 என்று தோற்றதற்குச் சாக்கு சொல்வது கடினம். ஆனால் மற்ற இரு தோல்விகளும் அப்போதைய ஐரோப்பிய சாம்பியன் செல்சியிடமும், நடப்பு லீக் சாம்பியன் மான்செஸ்டர் சிட்டியிடமும் வந்தவை. ஆர்சனல் அந்த சீசனை 69 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தில் முடித்தது. அடுத்த சீசனில் 84 புள்ளிகளுடன் இரண்டாம் இடம்.

எத்தனை ஆட்டங்களுக்குப் பிறகு புள்ளிப் பட்டியலை நம்பலாம்?

பத்து ஆட்டம் என்று பலரும் சொல்வார்கள். 2015-16இல் யுவென்டஸ் பத்து ஆட்டங்களில் 12 புள்ளிகள்தான் எடுத்திருந்தது, பத்தாவது ஆட்டத்தில் சசுவோலோவிடமும் தோற்றிருந்தது. அதன் பின் 15 ஆட்டங்கள் தொடர்ந்து வென்று 91 புள்ளிகளுடன் இத்தாலிய சாம்பியன் ஆனது. இருந்தாலும் அது விதிவிலக்கு. எல்லா அணிகளும் ஒன்றையொன்று ஒரு முறையேனும் சந்தித்திருக்கும் பாதி சீசனில் பட்டியல் பெரும்பாலும் உண்மையை ஒட்டியே இருக்கும்.

பயிற்சியாளரை மாற்றச் சொல்வது அணிக்குச் செய்யும் துரோகமா?

துரோகம் இல்லை. ஆதரவு வேறு, மதிப்பீடு வேறு என்பதை ரசிகர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள். அணி தோற்றாலும் விட்டுப் போகாமல் இருப்பது ஆதரவு. அந்த அணியை நடத்துபவர் சரியாக நடத்துகிறாரா என்று பார்ப்பது மதிப்பீடு. ஒரே மனிதர் இரண்டையும் செய்யலாம். உண்மையில் நெடுநாள் ரசிகர்கள் எல்லோரும் இரண்டையும் செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

இதற்கு நார்விச் சிட்டியின் 2009-10 சீசனைவிடப் பொருத்தமான கதை இல்லை. அந்த அணி இங்கிலாந்தின் மூன்றாம் பிரிவுக்கு அப்போதுதான் இறக்கப்பட்டிருந்தது. 1960க்குப் பிறகு அந்தப் பிரிவில் ஆடுவது அதுவே முதல் முறை. எப்படியும் உடனே மேலேறிவிடுவோம் என்ற எதிர்பார்ப்போடு 2009 ஆகஸ்ட் 8 அன்று ரசிகர்கள் காரோ ரோடு மைதானத்துக்கு வந்தார்கள். எதிரணி, அதே கிழக்கு இங்கிலாந்தில் உள்ள கோல்செஸ்டரின் அணி. ஆட்டம் முடிந்தபோது ஸ்கோர் 7-1, கோல்செஸ்டருக்கு. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ரசிகர்கள் இருவர் களத்துக்குள் இறங்கி, தங்கள் சீசன் டிக்கெட்டுகளைப் பயிற்சியாளர் பிரையன் கன்னை நோக்கி வீசிவிட்டுப் போனார்கள். கன் சாதாரண ஆள் இல்லை. 1993இல் மியூனிக்கில் ஜெர்மனியின் பெரிய அணியான பயர்னையே நார்விச் 2-1 என்று தோற்கடித்தபோது கோல் கம்பத்தைக் காத்தவர், அந்த ஊர் கொண்டாடிய கோல்கீப்பர். அவர்மீதே டிக்கெட் வீசப்பட்டது என்றால் அன்றைய கோபத்தின் அளவை ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு வாரத்துக்குள் கன் நீக்கப்பட்டார். அவருக்குப் பதிலாக நார்விச் கொண்டுவந்தது யாரை என்பதுதான் இந்தக் கதையின் சுவையான பகுதி: அந்த ஏழு கோல்களை அடித்த கோல்செஸ்டர் அணியின் பயிற்சியாளர் பால் லாம்பெர்ட்டை. 2010 ஜனவரியில் கோல்செஸ்டரின் மைதானத்தில் நார்விச் 5-0 என்று வென்றது. சீசன் முடிவில் 95 புள்ளிகளுடன் பிரிவின் சாம்பியன் ஆனது. அதற்கடுத்த ஆண்டும் உயர்வு பெற்று, 2011இல் பிரீமியர் லீகுக்குள் நுழைந்தது.

டிக்கெட்டை வீசிய இருவரின் கோபத்தில் அடங்கியிருந்த மதிப்பீடு ஒரு வகையில் சரியாகவே இருந்தது, மாற்றம் தேவைப்பட்டது. ஆனால் அந்த டிக்கெட் இல்லாவிட்டால் பார்க்க முடியாமல் போவது எந்த சீசனை? என்னைக் கேட்டால், பயிற்சியாளரை எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சியுங்கள், டிக்கெட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

நார்விச்சை வைத்துப் பொதுவிதி எதையும் வகுத்துவிட வேண்டாம். 2017-18இல் கிரிஸ்டல் பேலஸ் முதல் நான்கு லீக் ஆட்டங்களிலேயே ஃபிராங்க் டி போயரை நீக்கியது. அதன் பிறகும் மூன்று ஆட்டங்கள் தோற்றது. ஏழு ஆட்டம் ஆடி ஒரு கோல்கூட அடித்திருக்கவில்லை. எட்டாவது ஆட்டத்தில், நடப்பு சாம்பியன் செல்சியை புதிய பயிற்சியாளர் ராய் ஹாட்ஜ்சனின் கீழ் 2-1 என்று வென்று, இறுதியில் 11ஆம் இடம் பிடித்தது. ஆர்சனலோ மூன்று தோல்விக்குப் பிறகும் மிக்கெல் ஆர்டெட்டாவை வைத்துக்கொண்டது, அதற்கும் பலன் கிடைத்தது. மாற்றியவர்களும் பிழைத்திருக்கிறார்கள், மாற்றாதவர்களும் பிழைத்திருக்கிறார்கள்.

சொந்த அணியைப் பார்த்தே கூச்சலிடலாமா?

ஆட்டம் முடிந்த விசில் ஊதிய பிறகு எழும் அதிருப்திக் குரலை யாரும் குறைசொல்ல முடியாது. பணமும் நேரமும் கொடுத்து வந்தவர்களுக்கு அந்த உரிமை உண்டு. ஆட்டம் நடக்கும்போதே, பந்தைக் காலில் வைத்திருக்கும் பத்தொன்பது வயது இளைஞனை நோக்கி எழும் கூச்சலின் விளைவு வேறு. அவன் அடுத்த முறை பந்து வரும்போது முன்னால் துணிந்து அனுப்ப மாட்டான். பக்கவாட்டிலோ கோல்கீப்பரிடமோ தள்ளிவிட்டுத் தன் பொறுப்பை முடித்துக்கொள்வான். அதற்கும் கூச்சல் எழும். சொந்த மைதானத்தில் நம் அணி அஞ்சி அஞ்சி ஆடுவதில் நமக்கும் பங்கு இருக்கக்கூடும்.

ரசிகர்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் ஒருமுறை தெரிந்தது. கொரோனாவால் அரங்குகள் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்த 2020-21 சீசனில், இங்கிலாந்து உயர்பிரிவின் வரலாற்றிலேயே முதல் முறையாக, சொந்த மைதான வெற்றிகளைவிட வெளியூர் வெற்றிகள் அதிகமாக இருந்தன.

சீசனின் தொடக்கம் அல்ல என்றாலும், டோர்ட்முண்டில் 2015 பிப்ரவரி 4 அன்று நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். பத்துப் பேராகக் குறைந்த ஆக்ஸ்பர்க்கிடமே 1-0 என்று தோற்று அணி கடைசி இடத்தில் இருந்தது. ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்க்கும் புகழ்பெற்ற தெற்கு அரங்கிலிருந்து கோபம் வெடித்தது. கோல்கீப்பர் வைடன்ஃபெல்லரும் தடுப்பாட்டக்காரர் ஹும்மெல்ஸும் அரங்கின் வேலியருகே சென்று ரசிகர்களிடம் நேருக்கு நேர் பேசினார்கள். அடுத்த நான்கு லீக் ஆட்டங்களையும் டோர்ட்முண்ட் வென்றது. ஏழாம் இடத்தில் சீசனை முடித்தது. ஒரு பேச்சால் நான்கு வெற்றி வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் கோபத்தை வெளிப்படுத்திய அதே அரங்கு அடுத்த ஆட்டத்துக்கும் நிரம்பியது.

ஒரே ஓர் ஆட்டம்தானே, ஏன் இவ்வளவு வலிக்கிறது?

சீசனின் முதல் ஆட்டம் மற்ற ஆட்டங்களைப் போன்றது அல்ல. இரண்டு மூன்று மாதங்கள் ஆட்டமே இல்லாத நேரத்தில், வாங்கப்பட்ட வீரர்கள், வாங்கப்படாத வீரர்கள், புதிய சீருடை, நட்பு ஆட்ட முடிவுகள் என்று பேசிப் பேசி வளர்த்த எதிர்பார்ப்பு முழுவதும் அந்த 90 நிமிடங்களின் தலையில் ஏறிக்கொள்கிறது. நவம்பரில் இதே தோல்வி வந்திருந்தால் முன்பின் ஆட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருப்போம். இப்போது ஒப்பிட வேறு ஆட்டம் இல்லை. பட்டியலில் இருப்பதே இந்த ஒன்றுதான்.

அமெரிக்கச் சமூக உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய குழுவினரும் 1976இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இங்கே பொருந்தும். அது அமெரிக்கக் கால்பந்து என்ற வேறொரு விளையாட்டைப் பற்றியது, ஆனால் மனம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். தங்கள் பல்கலைக்கழக அணி வென்ற பிறகு மாணவர்கள் அதன் சின்னம் பொறித்த ஆடைகளை அதிகம் அணிந்து வந்தார்கள். வெற்றியைப் பற்றிப் பேசும்போது ‘நாங்கள்’ என்றவர்கள் தோல்வியைப் பற்றிப் பேசும்போது அணியிலிருந்து சற்று விலகி நின்று பேசினார்கள். தோல்விக்கு மறுநாள் ஜெர்சியை அலமாரிக்குள் தள்ளத் தோன்றினால், அது உங்களுக்கு மட்டும் தோன்றுவதல்ல.

எதிரணி ரசிகர்களின் கேலியை என்ன செய்வது?

சிரித்துவிட்டுப் போவதே நல்லது. போன சீசனில் நாம் அனுப்பிய மீம்கள் அவர்களுக்கும் நினைவிருக்கும். புள்ளிவிவரங்களை அள்ளிக்கொண்டு நள்ளிரவில் பதில் எழுதுவதால் ஒரு புள்ளியும் கூடப்போவதில்லை. வீரர்களின் தனிப்பட்ட கணக்குகளில் போய் வசைபாடுவதை மட்டும் எந்தத் தோல்வியும் நியாயப்படுத்தாது.

என் பிள்ளை இனி வேறு அணியை ஆதரிக்கப் போவதாகச் சொல்கிறாள். தடுக்க வேண்டுமா?

வேண்டாம். பத்து வயதில் வெல்லும் அணியின் பக்கம் சாய்வது இயல்பு. கட்டாயப்படுத்தி யாரையும் ரசிகராக்க முடியாது. நீங்கள் உங்கள் அணியின் ஆட்டத்தைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இடம் விடுங்கள். வராவிட்டால் வீட்டில் இரண்டு அணிகள் இருக்கும், ஏதாவது ஒன்றுக்காகவாவது அவ்வப்போது மகிழலாம்.

நம்பிக்கை எந்த இடத்தில் கண்மூடித்தனமாக மாறுகிறது?

ஒரே மாதிரியான கோலை வாரா வாரம் வாங்கிக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு வாரமும் அதற்கு நடுவரையே காரணம் சொன்னால், அந்த இடத்தில். கார்னரிலிருந்து முதல் ஆட்டத்தில் கோல் விழுந்தால் அது தற்செயலாக இருக்கலாம். நான்காவது ஆட்டத்திலும் தூரக் கம்பத்தருகே அதே இடத்தில் யாரும் தடுக்காமல் எதிரணி வீரர் தலையால் முட்டினால், பயிற்சித் திடலில் ஏதோ சரியில்லை. பிரச்சினை பயிற்சியாளரோடு நிற்காமல் கிளப் உரிமையாளர்வரை போகும் அணிகளும் உண்டு. அங்கே உரிமையாளரை எதிர்த்துப் பதாகை பிடிப்பதும் ஆதரவின் ஒரு வடிவமே.

சண்டர்லாண்ட் ரசிகர்களைப் பாருங்கள். 2017, 2018 என்று அடுத்தடுத்த ஆண்டுகளில் அணி இரண்டு பிரிவுகள் கீழே விழுந்தது. மூன்றாம் பிரிவில் ஆடிய 2018 டிசம்பர் 26 அன்று, பிராட்ஃபோர்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 46,000 பேருக்கு மேல் வந்தார்கள். அணி கீழே விழுந்த ஆண்டுகளில் அந்த ரசிகர்கள் நிர்வாகத்தைப் பற்றி நல்ல வார்த்தை பேசிக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடுமையாகத் திட்டினார்கள், ஆனாலும் வந்தார்கள். மூன்றாம் பிரிவில் நான்கு சீசன்கள் ஓடின. 2025 மே மாதத்தில்தான் அணி பிரீமியர் லீகுக்குத் திரும்ப இடம்பிடித்தது. திரும்பாமலே போயிருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் வந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

சரி, அடுத்த ஆட்டத்தில் எதைப் பார்ப்பது?

ஸ்கோரைப் பார்க்காமல் யாராலும் இருக்க முடியாது. அதோடு, போன ஆட்டத்தில் எது உடைந்ததோ அதைச் சரிசெய்ய முயற்சி நடக்கிறதா என்று பாருங்கள். தொடக்க அணியில் மாற்றம் உண்டா, வீரர்கள் நிற்கும் இடங்கள் மாறியுள்ளனவா, முதல் இருபது நிமிடங்களில் பந்தை இழந்தவுடன் செய்யும் எதிர்வினை வேகமாகியுள்ளதா என்பவை போதும்.

அந்த மாற்றம் சில நேரம் தோற்ற ஆட்டத்துக்குள்ளேயே தொடங்கிவிடும். 2016 செப்டம்பர் 24 அன்று செல்சி, ஆர்சனலின் மைதானத்தில் இடைவேளைக்குள்ளாகவே 3-0 என்று பின்தங்கியது. செல்சியின் பயிற்சியாளர் அன்டோனியோ கான்டே இரண்டாம் பாதியில் ஃபாப்ரிகாஸை வெளியே அழைத்து மார்கோஸ் அலோன்சோவை இறக்கி, பின்களத்தை மூவராக மாற்றி அமைத்தார். ஸ்கோர் மாறவில்லை, தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் போயிருந்தவர்களுக்கு அது வெறும் 3-0 தோல்வி. ஆனால் அந்தக் கடைசி அரை மணி நேரத்தில் செல்சி மேற்கொண்டு கோல் எதுவும் வாங்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் ஹல் சிட்டிக்கு எதிராக அதே மூவர் அமைப்புடன் தொடங்கி 2-0 என்று வென்றது. அதிலிருந்து தொடர்ச்சியாக 13 லீக் ஆட்டங்களை வென்று, 93 புள்ளிகளுடன் அந்த சீசனின் பட்டத்தைக் கைப்பற்றியது.